படகறையை மூடி வைப்பது கொசுவுக்குத் தீர்வாகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விடுமுறை நாள்களைச் சிறு பாய்மரப் படகில் கழிக்க விரும்பும் குடும்பங்களுக்காகத் தங்கள் ஞாயிறு மலரில் வந்த யோசனைகளைப் படித்தேன். பொழுது சாய்ந்ததும் அறையின் திறப்புகளையெல்லாம் அடைத்துவிட்டு உள்ளே கொசுவத்திச் சுருளை ஏற்றி வைக்கலாம் என்ற ஒரு வரிதான் என்னை இக்கடிதம் எழுத வைத்தது. மலேசியாவின் பினாங்கில் 26 அடிப் படகொன்றைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து, அதில் குடும்பத்தோடு லங்காவித் தீவு வரை போய் வருபவன் என்ற முறையில், அந்த யோசனையை யாரும் பின்பற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மலேசியாவிலும் சீனாவிலும் விற்கப்பட்ட சுருள்களை எரித்துப் பார்த்து 2003இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவுக்கு நுண்துகள்களைக் கக்குகிறது என்று கண்டறிந்தது. நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும் அறையில், நான்கு பேர் படுத்திருக்க, காற்றுப் போக வழியின்றி அந்தப் புகையை இரவு முழுதும் நிறுத்தி வைப்பது எப்படிச் சரியாகும்? மெத்தையும் துணியும் சில வேளை பெட்ரோல் கலனும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் இடத்தில் கனலும் நெருப்பை விட்டுவிட்டு உறங்குவது அதைவிடப் பெரிய ஆபத்து.

புழுக்கத்தைக் குறைக்கும் வேலை பகலிலேயே தொடங்க வேண்டும். நம் வெயிலில் மேல்தளம் வெறுங்காலை வைக்க முடியாதபடி காய்ந்துவிடுகிறது. அந்தச் சூடு மாலைக்குப் பிறகும் வெகுநேரம் அறைக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். பெரிய பாயின் கீழ் விளிம்பைத் தாங்கும் கிடைத்தண்டுக்கு மேலாக வெளிர்நிறத் துணியை விரித்து, தளத்துக்கும் துணிக்கும் இடையே காற்று ஓட இடம் விட்டுக் கட்டினால், சூடு ஏறுவதே பெரும்பாலும் தடுக்கப்படும். சூரியன் மறையும் வேளையில் இரண்டு வாளிக் கடல்நீரைத் தளத்தில் ஊற்றுவதும் நல்லது. ஆனால் அறைக்குள் ஈரத்துணியைத் தொங்கவிடுவதால் இங்கே பயனில்லை. நம் காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருப்பதால் துணி காய்வதே அரிது.

அடுத்தது காற்று. நங்கூரமிட்ட படகு பெரும்பாலும் காற்றை நோக்கியே முகம் திருப்பி நிற்கும் என்பதால், முன்தளத் திறப்பின் மேல் மெல்லிய நைலான் துணியைப் பை போலக் கட்டினால், மென்காற்றும் உள்ளே பாய்ந்து பின்வாசல் வழியே வெளியேறும். படகுத்துறையில் கட்டிய படகுக்கு இந்த வசதி எப்போதும் வாய்ப்பதில்லை. மழை நேரத்துக்கு, 1930இல் நீரில் இறங்கிய 'டோரேட்' என்ற பந்தயப் படகின் பெயரால் இன்றும் அழைக்கப்படும் காற்றுப் பெட்டி உதவும். உள்ளே புகும் தண்ணீரைத் தடுத்து வெளியே வடியவிட்டு, காற்றை மட்டும் கீழே அனுப்பும் எளிய அமைப்பு அது. ஒன்றை மறக்கக்கூடாது: தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் விடியலுக்கு முன், 'சுமத்ராஸ்' என்று மாலுமிகள் சொல்லும் சூறைக்காற்று மலாக்கா நீரிணையில் திடீரென வீசும். ஆகவே நிழல் துணியையும் காற்றுப் பையையும் இருட்டில் ஒரே இழுப்பில் அவிழ்க்கும்படி முடிச்சிட வேண்டும்.

பூச்சிகளைப் பொறுத்தவரை, கொசுவை மட்டும் நினைத்து வலை வாங்குவதுதான் பலரும் செய்யும் தவறு. நானும் அதைத்தான் செய்தேன். லங்காவியின் கிலிம் சதுப்புக் காடுகளுக்கு அருகே நங்கூரமிட்ட முதல் இரவில், புதுக் கொசுவலை கட்டியிருந்தும் என் பிள்ளைகளின் கையும் காலும் விடியற்காலையில் தடித்துச் சிவந்திருந்தன. மலாய் மக்கள் 'ஆகாஸ்' என்று சொல்லும் பொடிப்பூச்சியின் வேலை அது. சில மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத அது சாதாரணக் கொசுவலையின் கண்ணில் எளிதாக நுழைந்துவிடும். கண் மிகச் சிறிய வலைதான் அதைத் தடுக்கும், ஆனால் அத்தகைய வலை காற்றையும் தடுக்கும். திறப்பின் அளவுக்கே வலையை வெட்டிப் பொருத்தாமல், திறப்பைச் சுற்றிக் கூடாரம் போலப் பெரிதாகத் தைத்து, கீழ் விளிம்பில் மெல்லிய சங்கிலியைக் கோத்துவிட்டால், காற்று நுழையும் பரப்பு கூடி அந்தக் குறை பெருமளவு தீரும். படுக்கையை நேராகப் பார்க்கும்படி 12 வோல்ட் மின்விசிறி ஒன்றையும் வைக்கலாம். அது குறைந்த மின்சாரத்தில் இரவு முழுதும் ஓடும். பறக்கும் வலு குறைந்த இப்பூச்சிகள் அந்தக் காற்றை எதிர்த்து நம்மிடம் வர முடியாது. கரையிலிருந்து இயன்ற அளவு விலகி, காட்டிலிருந்து காற்று படகை நோக்கி வீசாத இடமாகப் பார்த்து நங்கூரமிட்டால் பாதித் தொல்லை வராது.

இவற்றையெல்லாம்விட என்னை வருத்துவது, துறைகளில் மாதக்கணக்கில் ஆளின்றி நிற்கும் படகுகள். தொங்கிய பாயுறையின் மடிப்பிலும், கவிழ்த்து வைக்காத துணைப்படகிலும், பின்தளத்தில் விட்டுப்போன வாளியிலும் தேங்கும் மழைநீர் டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் போதும். முட்டை கொசுவாக வளர ஏழு முதல் பத்து நாளே ஆகும். அந்தக் கொசு பகலில் கடிப்பதால் இரவில் கட்டும் வலை அதற்குத் தடையாகாது. 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டத்துக்கு அஞ்சி வீட்டுப் பூந்தொட்டித் தட்டைக் கவிழ்த்து வைக்கும் நாம், படகை மட்டும் கணக்கில் சேர்க்காமல் விடுகிறோம். துறை நிர்வாகங்கள் வாரம் ஒருமுறை ஆளில்லாப் படகுகளைப் பார்வையிட்டுத் தேங்கிய நீரை வடித்துவிட வேண்டும். அதற்கான சிறு கட்டணத்தை உரிமையாளர்களிடம் வாங்கினாலும் நான் மனமுவந்து தருவேன்.

பள்ளி விடுமுறை நெருங்குவதால், சுருள் பற்றிய அந்த வரிக்கு ஒரு திருத்தத்தை அடுத்த ஞாயிறு மலரிலேயே வெளியிடுமாறு தங்களைப் பணிவோடு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
படகோட்டும் வாசகர் ஒருவர்,
பினாங்கு.