பங்கேற்பாளர் 4 என் சித்தப்பா

கலை, வடிவமைப்புத் துறைகளில் முனைவர் பட்ட ஆய்வேடுகளை மதிப்பிடும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். நான் கன்னியாகுமரி மாவட்டத்து மயிலாடியில் கல் கொத்தும் குடும்பத்தில் பிறந்தவள். கல் சிற்பம் பற்றித்தான் ஆய்வு செய்கிறேன். என் ஆய்வேட்டில், பேட்டி கொடுத்தவரின் பெயரை மறைத்து எண் போடும் விதிப்படி, ‘பங்கேற்பாளர் 4’ என்று ஒருவர் வருகிறார். அவர் என் சித்தப்பா.

உளி பதத்துக்கு வந்துவிட்டது என்று எப்படித் தெரியும் என்று திண்ணையில் உட்கார்ந்து அவரிடம் கேட்டேன். “அது பழக்கந்தான் மக்ளே” என்றார். ஒரு மணி நேரப் பேட்டியில் கிடைத்தது அவ்வளவுதான். அப்புறம் பட்டறையில் உலைக்கு முன்னால் அவரோடு நின்றேன். பழுக்கக் காய்ச்சிய முனையைத் தண்ணீரில் முக்கி எடுத்து, தேய்த்துப் பளபளப்பாக்கினார். பின்னால் மிச்சமிருந்த சூடு முனையை நோக்கி ஏற ஏற, இரும்பின் மேல் நிறங்கள் ஓடின. வைக்கோல் நிறம் வந்த கணத்தில் “இந்தா, இப்ப!” என்று மறுபடி முக்கினார். முந்தினால் உளி கல்லில் பட்டுத் தெறிக்கும், பிந்தினால் மழுங்கும். நான் காய்ச்சிய முதல் 11 உளிகளும் வீண். 12ஆவது நின்றது. ஏன் நின்றது என்று என்னாலும் முழுதாகச் சொல்ல முடியவில்லை.

சொல்ல முடிவதைவிட நமக்குத் தெரிந்தது அதிகம் என்று தத்துவ அறிஞர் மைக்கேல் போலானி 1966லேயே எழுதிவிட்டார். செய்வதன் வழியாகவும் ஆய்வு நடக்கும் என்று 1993இல் லண்டனில் கலைக் கல்வியாளர் கிறிஸ்டோபர் ஃப்ரேலிங் எழுதினார். இருவரையும் வகுப்பில் நீங்கள்தான் எங்களுக்குக் கற்பித்தீர்கள். ஆனால் மதிப்பீட்டுக் கூட்டத்தில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, எத்தனை பேருக்கு வினாத்தாள் கொடுத்தாய் என்பது. உடைந்த உளிகளை மேசையில் வைத்தேன். பின்னிணைப்பில் படமாகப் போட்டால் போதும் என்றார்கள்.

உங்கள் தயக்கம் புரிகிறது. ‘கைக்குத் தெரியும்’ என்று சொல்லி யார் வேண்டுமானாலும் தப்பித்துக்கொள்ளலாம். சரி, அதைச் சோதிக்க வழி இருக்கிறதே. தேதியிட்ட பட்டறைக் குறிப்பைக் கேளுங்கள். கெட்டுப்போன வேலைகளையும் கேளுங்கள். திருத்தம் எங்கே நடந்தது என்பதை அவைதான் காட்டும். மதிப்பீட்டுக் குழுவில் ஒரு சிற்பியை உட்கார வையுங்கள். கல்லைத் தட்டி, கணீரென்று வருகிறதா, உள்ளே விரிசல் இருந்து மொத்தென்று வருகிறதா என்று மாணவியைச் சொல்லச் சொல்லட்டும். ஐந்து நிமிடத்தில் அவருக்குத் தெரிந்துவிடும். சுசீந்திரத்தின் இசைத்தூண்களைத் தட்டிப் பார்த்து வியக்கிறோம். அப்படிக் கல்லைக் கேட்கத் தெரிந்த ஒருவருக்கு ஆய்வில் வெறும் எண் கொடுப்பது எனக்கு வலிக்கிறது.

பெயரை மறைப்பது பாதுகாப்புக்கான விதி என்கிறீர்கள். பாதுகாப்பு வேண்டுபவருக்கு அது இருக்கட்டும். சித்தப்பாவிடம் கேட்டேன். “எம் பேர போட்டா என்ன?” என்றார். அவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்தை இறுதிப் படியுடன் இணைக்கிறேன். அந்த எண்ணை எடுத்துவிட்டு அவர் பெயரை எழுத அனுமதி கொடுங்கள்.

இப்படிக்கு,
மயிலாடியிலிருந்து ஓர் ஆய்வு மாணவி