பெரிய டீச்சரின் டிரங்குப் பெட்டி

அன்புள்ள தோழிக்கு,

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் உன் கடிதம் வந்தது. வர முடியவில்லையே என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறாய். விடு, அன்று பெய்த மழையில் பாதிச் சொந்தக்காரர்களே வரவில்லை. அப்பத்தா காப்பி குடித்துவிட்டுச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தவள் அப்படியே போய்விட்டாள். 91 வயது. கல்யாணச் சாவு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை.

நேற்றுதான் அப்பத்தாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மேலே 1955-ஆம் வருடத்து வேலை உத்தரவு. திருமயம் பக்கத்தில் ஓராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்புக்கும் ஒரே கூரை, ஒரே டீச்சர். அடுத்த வருடம் காமராசர் மதிய உணவைத் தொடங்கியபோது, ஊர்க்காரர்களும் தங்கள் பங்குக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. சாக்கோடு வீடு வீடாக அரிசி கேட்டுப் போனவள், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத வீடுகளாகப் பார்த்து முதலில் ஏறினாளாம். அரிசி கொடுத்தவன் அதைத் தின்னப் பிள்ளையையும் அனுப்பித்தானே ஆக வேண்டும் என்பது அவள் கணக்கு.

அடியில் ஒரு கட்டு பால்கணக்கு நோட்டு. புரட்டிக்கொண்டே வந்தவள் சிரித்துவிட்டேன். 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக்கியது உனக்குத் தெரியும். நாம் படிக்க வந்தபோது புது எழுத்துதான். ஆனால் அப்பத்தாவுக்கு அப்போது 45 வயது. இருபது வருடத்துக்கு மேல் கரும்பலகையில் ஒரு விதமாக எழுதிய கையை ஒரே உத்தரவில் திருப்ப வேண்டியிருந்தது. ஒரு வருடம் வரை தப்புத் தப்பாக வந்ததாம், மூன்றாம் வகுப்புப் பையன் எழுந்து நின்று திருத்தினானாம். பழைய எழுத்தில் யானை என்று எழுதினால் கடைசி எழுத்தில் துதிக்கை மாதிரி ஒரு சுழி இருக்கும், அதையும் வெட்டிவிட்டார்களே என்று குறைப்படுவாள். பள்ளிக்கூடத்தில் அரசாங்க எழுத்தை ஒழுங்காகப் பழகிக்கொண்டாள். பால்கணக்கை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. பால்காரர் வராத நாளிலெல்லாம் ‘வரவில்லை’ என்று எழுதி, அந்த லை துதிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, தொண்ணூறுகள் வரைக்கும்!

இனி உன் விஷயம். 1984, மூன்றாம் வகுப்பு. பீச்சாங்கையில் சிலேட்டுக் குச்சியைப் பிடித்ததற்காக அப்பத்தாவிடம் நீ வாங்கிய அடிகளை நான் மறக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான்தானே. எழுத எழுத உன் கையே அதை அழித்துக்கொண்டு போகிறது, சோற்றுக்கைக்கு மாற்றினால்தான் உருப்படுவாய் என்பது அவள் நியாயம். டீச்சரின் பேத்தி என்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

1991-இல் அவள் ஓய்வு பெற்ற கையோடு புதுக்கோட்டையில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் வந்தது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் பெண்களெல்லாம் சைக்கிள் கற்றுக்கொண்டார்களே, அந்த அலையில் அப்பத்தாவும் ஏறி, கண்மாய்க் கரையில் இரண்டு முறை விழுந்தாள். (மூன்றாவது முறையை அப்பாவிடம் சொல்லக் கூடாது என்று எனக்குச் சத்தியம்.) இரவு வகுப்புக்கு அரிக்கேன் விளக்கோடு துணைக்குப் போனது நான். அ, ஆ என்று தொடங்காமல் சொல்லிலிருந்து தொடங்கும் பாடம் அவளுக்கு முதலில் பிடிக்கவே இல்லை. முணுமுணுத்துக்கொண்டுதான் நடத்தினாள்.

அங்கே கல்குவாரியில் வேலை பார்க்கும் ஒரு அம்மா, ஐம்பது வயதிருக்கும், குச்சியை இடது கையில் எடுத்தாள். அப்பத்தா பழக்கத்தில் அதைப் பிடுங்கி வலது கையில் வைத்தாள். அந்த அம்மா கோபப்படவில்லை. சம்மட்டி பிடிப்பது இந்தக் கைதான் டீச்சர், இதுக்கு மட்டும் வேறு கையா என்று கேட்டாள். அப்பத்தா ஒன்றும் சொல்லாமல் குச்சியைத் திரும்ப எடுத்து அந்தக் கையிலேயே கொடுத்தாள். பன்னிரண்டு நாளில் அந்த அம்மா தன் பெயரை எழுதிவிட்டாள். சாய்ந்த எழுத்து, ஆனால் முழுப் பெயர்.

அன்று திரும்பி வரும்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கேட்டாள்: “உன்னோடு படித்த அந்தப் பீச்சாங்கைப் பிள்ளை இப்போது எந்தக் கையால் எழுதுகிறாள்?” வலது கைதான் என்றேன். அதன்பிறகு வீடு வரைக்கும் பேச்சில்லை.

இதை இத்தனை வருடம் உன்னிடம் சொல்லாததற்கு என்னைத் திட்டு. நானும் பெரிய விஷயமாக நினைக்கவில்லை, நேற்று வரைக்கும். பென்ஷன் புத்தகத்துக்குள் ஒரு பழைய தபால் உறை மடித்து வைத்திருந்தது. உன் கல்யாணப் பத்திரிகை வந்த உறை. பத்திரிகை இல்லை, உன் கையால் முகவரி எழுதிய உறை மட்டும். உன் எழுத்துக்குக் கீழே பென்சிலில், துதிக்கையோடு, ஒரே சொல் எழுதியிருக்கிறாள்: ‘மாற்றவில்லை.’

நீ கையைத் திரும்ப மாற்றிக்கொள்ளவில்லை என்கிறாளா, தான் மாற்றாமல் விட்டிருக்கலாம் என்கிறாளா? அப்பாவுக்கு ஒரு அர்த்தம், எனக்கு ஒன்று. உறையை உனக்கு அனுப்பவா, பெட்டியிலேயே இருக்கட்டுமா? பதில் எழுது.

உன்,
மூன்றாம் வகுப்புத் தோழி