ரட்லண்டிலிருந்து

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியைப் படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

நாங்கள் லெஸ்டரை விட்டு ஓக்கமுக்குக் குடிவந்துவிட்டோம். இங்கிலாந்தில் மாவட்டம் மாதிரி இருக்கும் பிரிவைக் கவுண்டி என்பார்கள்; ரட்லண்ட் கவுண்டிக்கு இதுதான் தலைநகரம். மொத்தக் கவுண்டியே சுமார் 380 சதுர கிலோமீட்டர்தான். மக்கள் 41 ஆயிரம் பேர். ஊர் என்று சொல்ல ஓக்கமும் அப்பிங்கமும். மற்றதெல்லாம் கிராமங்கள், வயல், ஆட்டு மேய்ச்சல். இந்தப் பக்கம் வீடுகள் இரும்பு கலந்த பழுப்புக் கல்லில் இருக்கும். கிழக்கே கெட்டன் போனால் வெளிர் மஞ்சள் சுண்ணாம்புக்கல்.

இவ்வளவு சின்ன இடத்துக்குத் தனி நிர்வாகம் எதற்கு என்று அரசாங்கம் முன்பே ஒருமுறை கேட்டது. பக்கத்துக் கவுண்டியோடு சேர்க்கும் அந்த யோசனையை, எதிர்ப்பு பலமாக இருந்ததால் 1963இல் கைவிட்டார்கள். ஆனால் 1974இல் லெஸ்டர்ஷயரோடு சேர்த்தே விட்டார்கள். 1997 ஏப்ரல் 1 அன்றுதான் ரட்லண்ட் திரும்பக் கிடைத்தது. நடுவில் இருந்த 23 வருஷமும் பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் முகவரியில் லெஸ்டர்ஷயர் என்று எழுதியதே இல்லையாம். அந்தப் பிடிவாதம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

ரட்லண்ட் என்ற பெயர் பறிபோன அதே எழுபதுகளில் நிலமும் போயிற்று. குவாஷ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் அணை கட்டி, நெதர் ஹாம்பிள்டன் என்ற கிராமத்தையே தண்ணீரில் மூழ்கடித்தார்கள். நார்மன்டன் தேவாலயத்தின் கீழ்ப்பாதியைக் கல்லும் கான்கிரீட்டும் போட்டு நிரப்பி, மேல்பாதியை மட்டும் காப்பாற்றினார்கள். இன்று அது தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது. வருகிறவர்கள் அழகு என்கிறார்கள். அழகுதான், ஆனால் கிராமத்தை இழந்தவர்களை நினைக்காமல் என்னால் அதைப் பார்க்க முடிவதில்லை.

அப்புறம், ஓக்கம் கோட்டை. 12ஆம் நூற்றாண்டு மண்டபம். முதல்முறை இந்த ஊர் வழியாகப் போகும் பிரபு யாராக இருந்தாலும் ஒரு குதிரை லாடம் தர வேண்டும் என்பது வழக்கம். சுவர் நிறைய இருநூறுக்கும் மேல் மாட்டியிருக்கிறார்கள். பல லாடங்கள் எந்தக் குதிரைக்கும் பொருந்தாத அளவுக்குப் பெரியவை, மேலே கிரீடம் வைத்தவை. ராணி இரண்டாம் எலிசபெத் தந்ததும் உண்டு. எல்லாமே முனை கீழ்நோக்கித்தான் தொங்குகின்றன. மேல்நோக்கி வைத்தால் அந்த வளைவில் சாத்தான் வந்து உட்கார்ந்துகொள்வானாம்.

பறவை பார்க்கும் உனக்காக ஒன்று. அந்த அணையின் நீர்த்தேக்கத்தில் விராலடிப்பான் (osprey) என்ற மீன்பிடிக்கும் பறவைகளை 1996இல் கொண்டுவந்து விட்டார்கள். 2001இல் முதல் குஞ்சு பொரித்தது. மார்ச் கடைசியில் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்துவிடும். ஜூனில் வந்தால் கூட்டுக்கு மீன் தூக்கி வருவதைப் பார்க்கலாம். விசாவுக்கு வேண்டிய அழைப்புக் கடிதத்தை நான் அனுப்புகிறேன். தேதியை மட்டும் சீக்கிரம் எழுது.

அன்புடன்,
முருகன்