108 பன்னா (அங்குல அகலம்) என்று விற்ற துணி 105 பன்னாவாக வந்தது: பணத்தைத் திருப்பித் தரக் கோரி

அனுப்புநர்:
கோத்தகிரியிலிருந்து ஒரு வாடிக்கையாளர்
(ஆர்டர் எண், பில், படங்கள் இணைப்பில்)

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள்

ஐயா / அம்மா,

வணக்கம். போன மாதம் உங்கள் இணையக் கடையில் குயில்ட் (துண்டுத் துணிகளை மூட்டி, பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை) அடித்துணிக்கென்று 2.75 மீட்டர் காட்டன் வாங்கினேன். '108 அங்குல அகலம், சுருக்கம் 3 சதவீதத்துக்குள்' என்று போட்டிருந்தீர்கள். மீட்டர் 460 ரூபாய், துணிக்கு 1,265, கூரியருக்கு 140. இந்த அகலத்தை ஏன் தேடி வாங்கினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். '2 அங்குலம், 3 அங்குலம் பெரிய வித்தியாசம் இல்லை மேடம்' என்று உங்கள் சேவைப் பிரிவு எழுதியிருப்பதைப் பார்த்தால், இந்தத் துணியை எதற்கு வாங்குகிறார்கள் என்பதே அங்கே தெரியவில்லை போலிருக்கிறது.

நான் தைத்து வைத்திருக்கும் மேல்துணி 84க்கு 96 அங்குலம், டபுள் கட்டிலுக்கு. பத்து வருடமாகச் சேர்ந்த சட்டை, பாவாடை, திருப்பூர் கட்பீஸ் எல்லாவற்றையும் சதுரம் சதுரமாக வெட்டி மூட்டியது. அதற்கு அடியில் பஞ்சு ஷீட்டும் அதற்கும் அடியில் அடித்துணியும் வைத்து, மூன்றையும் சேர்த்துத் தையல் ஓட்டும்போது அடித்துணி உள்ளே இழுக்கும். அதனால் நாலு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக விட வேண்டும். ஆக, அடித்துணி 92க்கு 104 வேண்டும். சாதாரண 44 பன்னாத் துணியில் இதைச் செய்தால் மூன்று துண்டு, இரண்டு மூட்டு, கிட்டத்தட்ட 7 மீட்டர். மூட்டுத் தையல் பஞ்சுக்கு அடியில் தடித்து நிற்கும். மெஷின் பாதம் அங்கே ஏறி இறங்கும்போது சுருக்கம் விழும். அது மேலே தெரியாது. திருப்பிப் பார்த்தால்தான் தெரியும், அப்போது பிரிக்கத்தான் வேண்டும். எனக்கு இரண்டு முறை நடந்திருக்கிறது. மூட்டே இல்லாமல் ஒரே துணியாகப் போட்டுவிடலாம் என்றுதான் அகலப் பன்னாவுக்குக் கூடுதல் விலை கொடுத்தேன்.

பார்சல் வந்த அன்று மாலையே, தண்ணீர் படாமல், ஹாலில் தரையில் விரித்து மூன்று இடத்தில் அளந்தேன். 105, 104½, 105. டேப் வைத்த படம் இணைத்திருக்கிறேன். இதில் இரண்டு ஓரத்திலும் ஊசித்துளையோடு அரை அங்குலக் கரை போய்விடும். அதில் தைக்க முடியாது. மிச்சம் 104.

சரி, சுருக்கம் எப்படி என்று பார்க்க மூலையில் 10 அங்குலச் சதுரம் ஒன்று வெட்டி, வெந்நீரில் அலசி, காய்ந்ததும் இஸ்திரி போட்டு அளந்தேன். 9½. அதாவது 5 சதவீதம். காட்டன் அந்த அளவு சுருங்குவது புதிதில்லை. அகலம் சொன்னபடி 108 இருந்திருந்தால் கரையும் சுருக்கமும் போக 101½ நின்றிருக்கும், இழுத்துப் பிடித்துச் சமாளித்திருப்பேன். இப்போது நிற்பது 99க்கும் கீழே. 96 அங்குல மேல்துணிக்கு ஒரு பக்கம் ஒன்றரை அங்குலம்கூட இல்லை. மறுபடியும் மூட்டுதான் போட வேண்டும்.

இதைவிட மோசமானது ஊடையின், அதாவது குறுக்கு இழையின், சாய்வு. துணி நேராக இருக்கிறதா என்று பார்க்க ஓரத்தில் சின்னதாக வெட்டுக் கொடுத்துக் கிழிப்பது தையல்காரர் வழக்கம். கிழித்தேன். இந்தக் கரையில் தொடங்கிய கிழிசல் அந்தக் கரைக்குப் போய்ச் சேரும்போது 5 அங்குலம் கீழே இறங்கியிருந்தது. நானும் என் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்து மூலைவாட்டில் இழுத்துப் பார்த்தோம். அவர் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததுதான் மிச்சம். ஃபினிஷிங்கில், துணியை இரண்டு ஓரத்திலும் பிடித்து விரித்துக் காயவைக்கும் ஸ்டென்டர் மெஷினில் ஒரு ஓரம் முந்திப் போனால் இப்படி ஆகும் என்று ஈரோட்டில் பிராசசிங்கில் வேலை பார்க்கும் என் அண்ணன் சொன்னார். நேராக்கித் தைத்தாலும் துவைத்ததும் துணி தன் சாய்வுக்கே திரும்பும், குயில்ட் முறுக்கிக்கொள்ளும். எங்கள் மாவட்டத்துத் தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் இழை எண்ணி எண்ணிச் சிவப்பிலும் கறுப்பிலும் பூவேலை போடுகிறவர்கள், 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய வேலை. பாவும் (நெடுக்கு இழை) ஊடையும் கோணினால் என்ன ஆகும் என்று இந்த ஊரில் யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான் எழுதிய ஒன்பதாம் நாள் உங்கள் பதில் வந்தது. அதில் மூன்று காரணம். ஒன்று, 'வெட்டிய துணி திரும்பப் பெறப்படாது'. மீட்டர் கணக்கில் விற்கும் துணியை வெட்டாமல் எப்படி அனுப்புவீர்கள்? இரண்டு, 'அகலம் கரையையும் சேர்த்துத்தான்'. சேர்த்துத்தான் 105. மூன்றாவதைத்தான் வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன்: 'மலைப் பகுதி ஈரப்பதத்தால் துணி சுருங்கியிருக்கலாம்'. மூடுபனி இறங்கினால் இங்கே கொடியில் போட்ட பேன்ட் மூன்று நாளானாலும் காயாது, உண்மைதான். ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து 33 கிலோமீட்டர் மலை ஏறி வந்ததில் பார்சலுக்குள் இருந்த துணி 3 அங்குலம் குறைந்தது என்று இன்றுதான் கேள்விப்படுகிறேன். அதுவும் பிளாஸ்டிக் உறைக்குள் ஒட்டி வந்த துணி. (ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு நீலகிரியில் தடை இருக்கிறது. அடுத்த முறை இந்தப் பக்கம் அனுப்பும்போது காகிதத்தில் சுற்றுங்கள்.)

அப்புறம் 100 ரூபாய் கூப்பன் தருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். வேண்டாம்.

1,405 ரூபாயையும் திருப்பித் தாருங்கள், துணியை உங்கள் செலவில் எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையிலேயே 108 இருக்கும் ரோல் கையில் இருந்தால், டேப் வைத்து அளந்த படத்தை அனுப்புங்கள், மாற்றிக்கொள்கிறேன். இணையப் பக்கத்தில் கரை நீங்கலான அகலத்தையும் சுருக்கத்தையும் சரியாகப் போடுங்கள். இல்லாவிட்டால் அடுத்து வாங்குகிறவரும் என்னைப்போலத் தரையில் உட்கார்ந்து அளப்பார்.

2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப வாங்க மறுக்கவும் கூடாது. 48 மணி நேரம் ஏற்கெனவே போய்விட்டது. மாதமும் முடிந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது.

துணியைத் துவைக்கவில்லை. வெட்டிய சதுரத்தையும் கிழித்த ஓரத்தையும் அதோடு சேர்த்தே மடித்து வைத்திருக்கிறேன். எடுக்க ஆள் அனுப்பினால் மதியம் 2 மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள், காலையில் வீட்டில் யாரும் இருக்க மாட்டோம்.

இப்படிக்கு,
கோத்தகிரி வாடிக்கையாளர்