ஆன்டிவைரஸைப் புதுப்பிக்கலாமா? செல்வத்துக்கு ஒரு கடிதம்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததும், மலர் பி.காம். சேர்ந்ததும் தெரிந்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். சொட்டு மருந்தை மட்டும் டாக்டர் சொன்ன நாள் வரை விடாமல் போடச் சொல். இங்கே எல்லோரும் நலம்.

கணினியில் இருக்கும் ஆன்டிவைரஸ் அடுத்த மாதம் முடிகிறது, காசு கட்டிப் புதுப்பிக்கவா, இலவசமாக ஒன்றைப் போட்டுக்கொள்ளவா என்று கேட்டிருந்தாய். புதுப்பிக்க வேண்டாம். வேறு இலவச ஆன்டிவைரஸும் தேட வேண்டாம். விண்டோஸ் 11 கூடவே வரும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் உன் வீட்டுக்குப் போதும். மிச்சமாகும் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து 1 டி.பி. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கு. கடையில் வேறு மாதிரி சொல்வார்கள் என்பதால் காரணத்தையும் விவரமாக எழுதுகிறேன்.

ஒரே நிறுவனத்தின் இலவசப் பதிப்புக்கும் கட்டணப் பதிப்புக்கும் வைரஸைப் பிடிக்கும் என்ஜின் பெரும்பாலும் ஒன்றுதான். காசு கொடுத்தால் கூடுதலாகக் கிடைப்பது இணையத் தொடர்பை மறைத்துத் தரும் விபிஎன், பாஸ்வேர்டு மேனேஜர், பிள்ளைகளுக்கான கட்டுப்பாடு, போனில் உதவி இப்படிப்பட்டவை. அவை வேண்டுமென்றால் வாங்கலாம். வைரஸ் கூடுதலாக மாட்டும் என்று நினைத்து வாங்குவதில் பயனில்லை. மால்வேர்பைட்ஸ் என்ற மென்பொருள் மட்டும் இதில் வேறு ரகம். அதன் இலவசப் பதிப்பு நாம் சொன்னால் ஸ்கேன் செய்யும், அவ்வளவுதான். எந்நேரமும் காவல் நிற்காது. அதையே முழுப் பாதுகாப்பு என்று நம்பி இருப்பவர்கள் நிறையப் பேர்.

ஜெர்மனியின் மாக்டபர்க் நகரில் இருக்கும் ஏவி-டெஸ்ட் என்ற சோதனைக்கூடம் பாதுகாப்பு, கணினியை எவ்வளவு மந்தமாக்குகிறது, பொய் எச்சரிக்கை எத்தனை என்று மூன்றுக்கும் தலா 6, மொத்தம் 18 புள்ளி தருகிறது. டிஃபெண்டர் அதில் முழு 18 அல்லது அதற்கு மிக அருகில் பல முறை வாங்கியிருக்கிறது. 10 வருடத்துக்கு முன்பு அதற்கு இருந்த கெட்ட பெயர் அப்போது நியாயமானது, இப்போது பொருந்தாது.

ஒரு குறை உண்டு, அது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். டிஃபெண்டர் புது வைரஸைப் பிடிப்பதற்கு மைக்ரோசாஃப்ட் சர்வரைக் கேட்டுக்கொள்கிறது. இன்டர்நெட் இல்லாதபோது அதன் பிடிப்பு குறையும். ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் இருக்கும் ஏவி-கம்பேரடிவ்ஸ் என்ற சோதனைக்கூடம் நடத்தும் சோதனைகளில் இந்த வித்தியாசம் தெளிவாகத் தெரிகிறது. நீங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில்தான் நெட் போடுகிறீர்கள் என்றால், பென்டிரைவ் செருகுவதற்கு முன்பே ஹாட்ஸ்பாட்டை இணைத்துவிட வேண்டும்.

இலவச ஆன்டிவைரஸ் ஏன் வேண்டாம் என்கிறேன்? ஓசியில் கொடுப்பவர்கள் வேறு எங்காவது சம்பாதித்தாக வேண்டும். அவாஸ்ட் நிறுவனம் பயனர்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறார்கள் என்ற விவரத்தை ஜம்ப்ஷாட் என்ற தன் துணை நிறுவனம் வழியாக விற்றது. 2020 ஜனவரியில் அது வெளியே வந்து ஜம்ப்ஷாட் மூடப்பட்டது. 2024-இல் அமெரிக்க வணிக ஆணையம் 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. நம்மைப் பாதுகாக்க வேண்டிய மென்பொருளே இதைச் செய்தது என்பதை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. இப்போது அவாஸ்ட், ஏவிஜி, அவிரா, நார்ட்டன் நான்கும் ஜென் டிஜிட்டல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பதால், ஒன்றை விட்டு இன்னொன்றுக்குப் போவதும் பெரிய மாற்றம் இல்லை.

காசு கொடுப்பதில் அர்த்தமுள்ள வீடுகளும் உண்டு. தனியாக இருக்கும் வயதானவர்கள், ஏதாவது ஆனால் போன் போட்டுக் கேட்க ஆள் வேண்டும் என்பவர்கள் வாங்கலாம். சென்னையின் கே7, புனேயின் குவிக் ஹீல் போன்றவை அப்படிப்பட்டவர்களுக்குச் சரி. வாங்குவதானால் ஒரு வருட கீயைக் கடையிலோ நெட்டிலோ ஒரே முறை பணம் கட்டி வாங்க வேண்டும். கார்டில் ஆட்டோ-ரின்யூவல் போட்டால் முதல் வருடம் தள்ளுபடி விலை, அடுத்த வருடம் முழு விலை என்று கையைக் கடிக்கும். ரிசர்வ் வங்கி விதிப்படி பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே உனக்குத் தகவல் வர வேண்டும். அந்த எஸ்.எம்.எஸ்ஸைப் படிக்காமல் விடாதே.

இனி நீ செய்ய வேண்டியது. பழைய ஆன்டிவைரஸை முதலில் முழுசாக நீக்கு. அதில் பாஸ்வேர்டு எதையாவது சேமித்திருந்தால் அதற்கு முன் எடுத்து வைத்துக்கொள். செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ் என்று போய் அன்இன்ஸ்டால் கொடுத்து ரீஸ்டார்ட் செய். சில மென்பொருள்கள் இதற்கு மசியாமல் தங்கள் டிரைவர் கோப்பை உள்ளேயே விட்டுவிட்டுப் போகும். அப்போது அந்த நிறுவனத் தளத்திலேயே கிடைக்கும் ரிமூவல் டூலை இறக்கி ஓட்ட வேண்டும். காலம் முடிந்தாலும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று மட்டும் விடாதே. தன்னை ஆன்டிவைரஸ் என்று அது விண்டோஸில் பதிவு செய்துவைத்திருக்கும் வரை டிஃபெண்டர் முழுசாக வேலைக்கு வரும் என்று நம்ப முடியாது. பழையதற்கும் புது வைரஸ் விவரம் வராது. இரண்டு ஆன்டிவைரஸ் சேர்ந்து ஓடுவதும் கூடாது. ஒரு கோப்பைத் திறந்தால் இரண்டும் அதைப் பிடித்துக்கொண்டு சோதிக்கும், கணினி நின்றுவிடும்.

ரீஸ்டார்ட் ஆனதும் ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் செக்யூரிட்டி என்று தட்டித் திற. வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷனில் மேனேஜ் செட்டிங்ஸ் போனால் ரியல்-டைம், கிளவுட்-டெலிவர்டு, டேம்பர் புரொடெக்‌ஷன் மூன்றும் ஆனில் இருக்க வேண்டும். அதே பக்கத்தின் அடியில் எக்ஸ்க்ளூஷன்ஸ் என்று ஒன்று, அதாவது டிஃபெண்டர் சோதிக்காமல் விடும் இடங்களின் பட்டியல், இருக்கும். அதைக் கட்டாயம் பார். நீங்கள் யாரும் சேர்க்காமல் அங்கே சி டிரைவோ டவுன்லோட்ஸ் ஃபோல்டரோ இருந்தால் ஏதோ ஒன்று உள்ளே வந்து தனக்கு வழி திறந்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். அதை நீக்கிவிட்டு, ஸ்கேன் ஆப்ஷன்ஸில் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடு. கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழுவதற்கு முன்பே சுமார் 15 நிமிடம் தேடும். திறந்திருக்கும் வேலையை எல்லாம் முதலில் சேவ் செய்துவிடு.

ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோலில் ‘பொட்டன்ஷியலி அன்வான்டட் ஆப் பிளாக்கிங்’ என்பதையும் ஆன் செய். இலவச மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வரும் டூல்பார், விளம்பர நிரல் எல்லாம் அதில் மாட்டும்.

கன்ட்ரோல்டு ஃபோல்டர் அக்சஸ் என்று ஒரு வசதி 2017-இலிருந்தே இருக்கிறது, ஆனால் நாமாக ஆன் செய்யாத வரை தூங்கிக்கொண்டிருக்கும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல்தான் ரான்சம்வேர். அதைத் தடுக்கும் இந்த வசதி ரான்சம்வேர் புரொடெக்‌ஷன் பக்கத்தில் இருக்கிறது. ஆன் செய்தால் டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற ஃபோல்டர்களில் தெரியாத நிரல் எதுவும் கைவைக்க முடியாது. டி டிரைவ் அதில் தானாக வராது. மலரின் டேலி (கணக்கு மென்பொருள்) டேட்டா அங்கே இருந்தால் புரொடெக்டட் ஃபோல்டர்ஸில் நீயே சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகு டேலியோ வேறு நல்ல நிரலோ சேவ் ஆகாமல் முரண்டு பிடிக்கலாம். பயந்து எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிடாதே. ‘அலவ் ஆன் ஆப்’ என்பதில் ரீசென்ட்லி பிளாக்டு ஆப்ஸ் பட்டியலைத் திறந்து அந்த ஒன்றை மட்டும் அனுமதித்தால் போதும்.

எந்த ஆன்டிவைரஸும் காப்பாற்ற முடியாத இடம் ஒன்று இருக்கிறது. மலரிடமும் தம்பியிடமும் இதை நீ உட்கார்ந்து பேச வேண்டும். கிராக் செய்த கேம், போட்டோஷாப், விண்டோஸ் ஆக்டிவேட்டர் எல்லாம் முதல் வரியிலேயே ‘ஆன்டிவைரஸை ஆஃப் செய்யவும்’ என்று சொல்லும். நாமே ஆஃப் செய்தபின் 3,000 ரூபாய் ஆன்டிவைரஸ் இருந்தும் என்ன பயன்? ஸ்டாப் என்ற ரான்சம்வேர் இப்படித்தான் வீட்டுக் கணினிகளில் பரவியது. ஒவ்வொரு கோப்பின் முதல் 150 கே.பி.யை மட்டும் பூட்டும், அதனால் வேலை நிமிடங்களில் முடிந்துவிடும். அது விட்டுச்செல்லும் குறிப்பில் 980 டாலர் கேட்கும், 72 மணி நேரத்துக்குள் பேசினால் 490 என்று இருக்கும். 2019-இல் எம்சிசாஃப்ட் நிறுவனம் இலவசத் திறவுகோல் வெளியிட்டது. ஆனால் தாக்கும்போது நெட் இருந்து ஒவ்வொரு கணினிக்கும் தனிச் சாவி போயிருந்தால், பிற்பாடு வந்த வகைகளுக்கு அது உதவாது.

இன்னொரு வகை எதையும் பூட்டாது, எந்தச் சத்தமும் காட்டாது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டையும், நீ உள்ளே நுழைந்திருப்பதைத் தளத்துக்கு நினைவூட்டும் சிறு கோப்பான குக்கீயையும் நிமிடத்தில் எடுத்துக்கொண்டு போய்விடும். குக்கீ போனால் ஓடிபி கேட்காமலே உன் ஜிமெயிலுக்குள் நுழையலாம். சந்தேகம் வந்தால் அந்தக் கணினியில் பாஸ்வேர்டு மாற்றாதே, அதையும் அது பார்த்துக்கொண்டிருக்கும். போனிலிருந்து மாற்றி, கூகுள் கணக்கின் ‘யுவர் டிவைசஸ்’ பட்டியலில் எல்லாக் கருவிகளையும் வெளியேற்று. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய். ‘நீங்கள் மனிதர்தான் என்று காட்ட விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, கன்ட்ரோல் வி அழுத்துங்கள்’ என்று ஒரு தளம் சொன்னால் அதுவும் இந்த வேலைதான். எந்த நல்ல தளமும் அப்படிக் கேட்காது.

பிள்ளைகளுக்கு அட்மின் இல்லாத ஸ்டாண்டர்டு கணக்கு தனியாகப் போட்டுக் கொடு. ஏதாவது நிறுவ வேண்டுமென்றால் உன் பாஸ்வேர்டு கேட்கும். அந்த ஒரு நிமிடத் தடையே பல தொல்லைகளை வாசலில் நிறுத்தும்.

ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த பென்டிரைவில் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாகத் தெரிந்தால் எதையும் டபுள் கிளிக் செய்யக் கூடாது. ஸ்கேன் செய்து முடித்த பிறகு, ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் ஹிட்டன் ஃபைல்ஸைக் காட்டச் சொல்லி, ‘ஹைட் புரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்’ டிக்கையும் எடு. இரண்டாவதைச் செய்யாமல்தான் பலர் கோப்பு போய்விட்டது என்று டிரைவை ஃபார்மட் செய்கிறார்கள். உண்மையான ஃபோல்டர் அங்கேயேதான் இருக்கும்.

ஹார்ட் டிஸ்க் வாங்கியதும் அதைக் கணினியிலேயே செருகி விடாதே. செருகியிருந்தால் ரான்சம்வேர் அதையும் பூட்டிவிடும். வாரம் ஒரு நாள் இணைத்து, மலரின் பாடக் குறிப்பு, வீட்டுப் பத்திர ஸ்கேன், போட்டோ எல்லாம் காப்பி செய்து, கழற்றி பீரோவில் வை. காப்பி ஆனதில் இரண்டு மூன்று கோப்பையாவது திறந்து பார்.

பழைய ஆன்டிவைரஸ் எது என்று நீ எழுதவில்லை. அன்இன்ஸ்டால் செய்யும்போது அடம்பிடித்தால் திரையை போட்டோ எடுத்து அனுப்பு, எந்த ரிமூவல் டூல் என்று பார்த்துச் சொல்கிறேன். மலர் டேலியைப் பழக ஆரம்பித்துவிட்டாளா என்றும் எழுது.

அன்புடன்,
ராகவன்