ஊரில் உள்ள வீடும் இங்கிலாந்தின் முத்திரை வரியும்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

இங்கிலாந்தில் முதல் வீடு வாங்கும் தமிழர் பலர், ஊரில் உள்ள சொத்துக்கும், வீடு வாங்கும்போது இங்கு அரசுக்குக் கட்டும் முத்திரை வரிக்கும் தொடர்பில்லை என்று எண்ணுகிறார்கள். இது பெரும் பணத்தைத் தின்னும் தவறு.

உலகில் எங்கு வீடு வைத்திருந்தாலும் கணக்கில் வரும். யாழ்ப்பாணத்துச் சீதன வீடு, சென்னை அடுக்ககம் எதுவானாலும், உங்கள் பங்கின் மதிப்பு 40,000 பவுண்டோ அதற்கு மேலோ இருந்தால் 5 விழுக்காடு கூடுதல் வரி விழலாம். வீடு மனைவி பெயரில் இருந்து, கணவர் மட்டும் வாங்கினாலும் தப்ப முடியாது. சேர்ந்து வாழும் தம்பதியரை ஒருவராகவே பார்க்கிறார்கள். வெறுங்காணி இதில் சேராது.

4,00,000 பவுண்டு வீட்டை எடுத்துக்கொள்வோம். 2025 ஏப்ரல் முதல் உள்ள விகிதப்படி, முதல் வீடு வாங்குவோருக்கு வரி 5,000, வழக்கமாக 10,000, கூடுதல் வரியோடு 30,000. முதல் வீட்டுச் சலுகைக்கு விதி இன்னும் கடுமை: பெற்றோர் வழியில் வந்த சிறு பங்கு வீடு ஒருமுறை இருந்திருந்தாலும் அந்தச் சலுகை போய்விடும். சேர்ந்து வாங்கினால் எல்லோருமே தகுதி பெற வேண்டும்.

ஊரில் வீடு இருப்பதை வழக்கறிஞரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள். வாங்குவது உறுதியாகும் ஒப்பந்தப் பரிமாற்றத்துக்குப் பின் தெரியவந்து, பணம் போதாமல் பின்வாங்கினால், கட்டிய முன்பணம், பெரும்பாலும் விலையில் 10 விழுக்காடு, கைவிட்டுப் போகும். வாங்கி முடித்த 14 நாளுக்குள் படிவமும் வரியும் வரித்துறைக்குச் சேர வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், லண்டன்