ஸ்லோ குக்கரைப் பெட்டியில் போட்டு ஏற்றிவிடாதே, அம்மாடி

அம்மாடி,

நேற்று நீ போனில் சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். கறி வெந்திருந்தது, ஆனால் குழம்பு தண்ணியாக நின்றது, மசாலா பச்சை வாடை அடித்தது, பிள்ளைகள் ஒரு வாய்க்கு மேல் தொடவில்லை, கடைசியில் அன்றைக்கும் பீட்சாவுக்குச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அதனால் மணிக்கணக்காக மெதுவாக வேக வைக்கிற அந்த மின்சாரப் பானையை, ஸ்லோ குக்கரை, மறுபடி பெட்டியில் போட்டு மேலே ஏற்றப்போகிறேன் என்றாய். ஏற்றாதே. இதைப் போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ ரயிலில் இருப்பாய், இல்லாவிட்டால் சின்னவள் நடுவில் அழுவாள், பாதி காதில் விழாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், நிதானமாகப் படி.

போன குளிர்காலத்தில் சிகாகோவுக்கு உன் வீட்டுக்கு வந்திருந்தபோது அந்தப் பானையோடு நன்றாகப் பழகிவிட்டேன். அம்மா பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள், அடுப்படி என் கைக்கு வந்தது. டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடுகிற ஊர், நீயும் மாப்பிள்ளையும் வீடு வந்து சேர ஆறரை ஏழு ஆகும், அதற்கப்புறம் வெங்காயம் உரித்து எப்போது குழம்பு வைத்து எப்போது சாப்பிடுவது? காலையில் போட்டுவிட்டால் வந்து கோட்டைக் கழற்றிவிட்டுச் சோறு மட்டும் வைத்தால் போதும். நாம் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டது அந்த நாட்களில்தான். நாங்கள் கிளம்பி வந்த பிறகு ஆளுக்கொரு நேரம் ஆளுக்கொரு தட்டு என்று ஆகிவிட்டதாக நீ சொன்னதுதான் எனக்கு உறுத்துகிறது, கறி சரியாக வராதது அல்ல.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பானைக்கு நடுவில் இருக்கிற வேலை மட்டும்தான் தெரியும். வதக்கவும் தெரியாது, சுண்ட வைக்கவும் தெரியாது. ஆரம்பத்தில் ஒரு இருபது நிமிடமும் கடைசியில் ஒரு பத்து நிமிடமும் உன் கை வேண்டும், நடுவில் எட்டு மணி நேரத்தை அது பார்த்துக்கொள்ளும். நீ என்ன செய்தாய்? கறி, வெங்காயம், தூள், தண்ணீர் எல்லாவற்றையும் காலையில் ஒன்றாகப் போட்டு மூடிவிட்டு ஓடினாய். அந்தப் பெட்டியோடு வந்த புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கும், அது அவர்கள் சமையலுக்குச் சரி. நம் மல்லித்தூளும் மிளகாய்த்தூளும் எண்ணெயில் பிரள வேண்டும். பானைக்குள் சூடு கொதிநிலையைத் தாண்டாது, லோவில் வைத்தாலும் ஹையில் வைத்தாலும் பெரும்பாலான பானைகள் கடைசியில் கிட்டத்தட்ட அதே சூட்டுக்குத்தான் வந்து நிற்கும், எவ்வளவு நேரத்தில் வந்து சேருகிறது என்பதில்தான் வித்தியாசம். கறி சிவந்து வறுபட்ட வாசனை வர 140 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும், அது இரும்புச்சட்டியில்தான் நடக்கும்.

தண்ணீர் விஷயமும் அதேதான். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது பாதித் தண்ணீர் ஆவியாகப் போய்விடுகிறது, சுண்டி எண்ணெய் மேலே வருகிறது. இங்கே அந்தக் கண்ணாடி மூடியைக் கவனித்துப் பார், உள்பக்கம் முழுக்க முத்து முத்தாக வேர்த்திருக்கும், அந்தச் சொட்டுகள் ஓரமாக வழிந்து மறுபடி குழம்பிலேயே இறங்கும், விளிம்பைச் சுற்றி ஒரு வளையமாகத் தண்ணீர் கட்டி நிற்கும். ஏறக்குறைய ஒன்றுமே வெளியே போவதில்லை. கறியும் தக்காளியும் விடுகிற தண்ணீரே போதுமானது, மேலே அரை டம்ளர் ஊற்றினால் அதிகம். இதே காரணத்துக்காக மூடியைத் திறந்து திறந்து பார்க்காதே, ஒரு தடவை திறந்தால் போன சூடு திரும்ப இருபது முப்பது நிமிடம் பிடிக்கும்.

அப்புறம் என்ன கறி வாங்குகிறாய் என்பது. எலும்பில்லாத தொடைக்கறி, சுத்தமாக, கொழுப்பு இல்லாமல் என்று பார்த்துப் பார்த்து வாங்குகிறாய், விலையும் அதிகம். இந்தப் பானைக்கு அது வேண்டவே வேண்டாம். நம் ஊர்க் கடைகள் இருக்கிற டெவான் அவென்யூ பக்கம் போகும்போது முன்கால் சப்பை, கழுத்து, நல்லி எலும்பு என்று கேட்டு வாங்கு, துண்டையும் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொல். ஆடு ஓடியாடி உழைத்த இடத்துக் கறிதான் முரடாக இருக்கும், அதில்தான் ஜவ்வும் நரம்பும் நிறைய. அந்த ஜவ்வு 70 டிகிரிக்கு மேல் மணிக்கணக்காக இருந்தால் உருகிக் கூழாகிக் குழம்பில் இறங்கும், உதடு ஒட்டுகிற பதம் வருவது அதனால்தான். கொழுப்பும் ஜவ்வும் இல்லாத கறியில் உருகுவதற்கு என்ன இருக்கிறது, எட்டு மணி நேரம் கிடந்தால் நார் நாராகக் காய்ந்துதான் போகும்.

இந்தப் பானை உங்கள் ஊரில் பிறந்தது தெரியுமா? சிகாகோவில் இர்விங் நாக்சன் என்று ஒருவர், 1940-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அவருடைய அம்மா லிதுவேனியாவிலிருந்து வந்த யூதர். யூதர்களுக்குச் சனிக்கிழமை ஓய்வுநாள், அடுப்பு மூட்டக் கூடாது, அதனால் வெள்ளிக்கிழமை பொழுது சாயுமுன் பயறு, பார்லி, உருளைக்கிழங்கு, கொஞ்சம் கறி எல்லாம் போட்ட பானையை ஊர் ரொட்டிக்கடை அடுப்பில் கொண்டுபோய் வைத்துவிடுவார்களாம். அணைந்த அடுப்பின் சூட்டிலேயே ராத்திரி முழுக்க வெந்து மறுநாள் எடுப்பார்கள், அதற்கு சோலண்ட் என்று பேர். அம்மா சொன்ன அந்தக் கதையிலிருந்துதான் மகனுக்கு இந்த யோசனை வந்தது. பிறகு ரைவல் என்ற கம்பெனி அதை வாங்கி 1971-இல் க்ராக்-பாட் என்று விற்க ஆரம்பித்தது. வேலைக்குப் போகிற பெண்கள் அதிகமாகிக்கொண்டிருந்த காலம், அதனால் வீட்டுக்கு வீடு நுழைந்துவிட்டது. எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்ததற்குக் காரணம் உன் அப்பத்தா. சமையல் முடிந்து தணலாகக் கிடக்கிற விறகடுப்பில் ஆட்டுக்கால் சட்டியை ஏற்றி, மூடி மேல் ஒரு கல்லை வைத்துவிட்டுப் படுக்கப் போவாள், விடிந்ததும் எங்களுக்கு அதுதான் இடியாப்பத்துக்கு. ஆட்டுக்கால் இந்தப் பானைக்கே என்று செய்தது போல வரும், ராத்திரி பத்து மணிக்கு லோவில் போடு, காலையில் மிளகும் சீரகமும் இடித்துப் போட்டு இறக்கு, அவ்வளவுதான்.

இப்போது நம் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பை எப்படி வைப்பது என்று சொல்கிறேன். எலும்போடு ஒன்றரைக் கிலோ கறி, உன் ஆறு குவார்ட் (ஐந்தரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல்) பானைக்கு அது சரியான அளவு, பானை பாதிக்கு மேலும் முக்கால்வாசிக்குக் கீழேயும் இருக்க வேண்டும். கறியை நன்றாக ஈரம் ஒத்தி எடுத்து, இரும்புச்சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு இரண்டு பக்கமும் சிவக்க விடு, மொத்தமாகக் கொட்டினால் தண்ணீர் விட்டுக்கொண்டு வேகுமே தவிர சிவக்காது. எடுத்து வைத்துவிட்டு அதே எண்ணெயில் சோம்பு, பட்டை, கிராம்பு, மூன்று பெரிய வெங்காயம். பட்டையும் கிராம்பும் வழக்கத்தில் பாதி போதும், இத்தனை நேரம் ஊறினால் அவை தூக்கலாகிவிடும். வெங்காயம் நிறம் மாறியதும் இஞ்சி பூண்டு விழுது, அதன் பச்சை வாசனை போனதும் மஞ்சள்தூள், மூன்று மேசைக்கரண்டி மல்லித்தூள், ஒரு மேசைக்கரண்டி மிளகாய்த்தூள், அடுப்பைக் குறைத்து அரை நிமிடம் பிரட்டி உடனே இரண்டு தக்காளி. எண்ணெய் பிரிகிற வரைக்கும் கிளறு, இந்த இடத்தில் அவசரப்படாதே, பச்சை வாடை போவது இங்கேதான். உருளைக்கிழங்கு போடுவதாக இருந்தால் பானையின் அடியில் போடு, கறியை விடக் கிழங்குதான் மெதுவாக வேகும். அதன் மேல் கறி, மேலே மசாலா, சட்டியில் ஒட்டியிருப்பதை அரை டம்ளர் வெந்நீர் விட்டுச் சுரண்டி அதையும் ஊற்று. லோவில் எட்டு மணி நேரம். தேங்காய், கசகசா, முந்திரி அரைத்த விழுதை முதலிலேயே போட்டால் திரிந்துபோகும், சாப்பிடுவதற்கு அரை மணி முன்னால் கலந்து ஹையில் வை. கடைசியில் கருவேப்பிலையும் சின்ன வெங்காயமும் தாளித்துக் கொட்டு, கொத்தமல்லி தூவு. அப்போதும் தண்ணியாகத் தெரிந்தால் குழம்பை மட்டும் வாணலியில் ஊற்றிப் பத்து நிமிடம் கொதிக்க விடு.

பெரியவன் சிநேகிதன் வீட்டில் சாப்பிட்ட பாட் ரோஸ்ட் வேண்டும் என்கிறானே, அதையும் செய்து கொடு, அதற்குத்தான் பானை ரொம்ப ராசியானது. மாட்டுக்கறியில் சக் (தோள்பட்டைப் பக்கத்துக் கறி) என்று கேட்டு ஒரே துண்டாக வாங்கு, உப்பும் மிளகும் தேய்த்து எல்லாப் பக்கமும் சிவக்க வைத்து, கேரட், கிழங்கு, வெங்காயம் அடியில் போட்டு ஒன்பது மணி நேரம் விடு. கோழி மட்டும் வேலை நாளில் போடாதே. எலும்போடு தொடைத் துண்டானாலும் லோவில் ஐந்து ஆறு மணி நேரம்தான், நெஞ்சுக்கறி என்றால் சக்கையாகிவிடும், அது சனிக்கிழமைக்கு.

சில விஷயங்களில் மட்டும் நான் கறாராக இருப்பேன், பிள்ளைகள் சாப்பிடுகிற வீடு. ஐஸ்கட்டியாக இருக்கிற கறியை நேராகப் பானையில் போடாதே, முந்தின நாளே எடுத்து ஃபிரிட்ஜின் கீழ்த் தட்டில் வை. மெதுவாகச் சூடேறுகிற பானை, உறைந்த கறி 60 டிகிரியைத் தாண்டுவதற்குள் கிருமி பெருகிவிடும். சிவப்பு ராஜ்மாவைப் பச்சையாக அதில் போடவே கூடாது. ராத்திரி ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அடுப்பில் பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்க வைத்த பிறகுதான், இல்லாவிட்டால் அதில் உள்ள நச்சு போகாமல் வாந்தி பேதியில் கொண்டுபோய் விடும். மிச்சத்தைப் பானையோடு ஃபிரிட்ஜில் தூக்கி வைக்காதே, சின்னச் சின்ன டப்பாவில் மாற்றி வை, மறுநாள் அடுப்பிலேயே சூடு பண்ணு. ஜில்லென்ற அந்தப் பீங்கான் பானையை அப்படியே சூட்டில் வைத்தால் கீறல் விட்டுவிடும்.

காலையில் வதக்க நேரமில்லை என்பாய். முந்தின ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு மசாலாவை மட்டும் வதக்கி ஒரு டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துக்கொள், காலையில் கறியைச் சிவக்க வைத்துச் சேர்ப்பது கால் மணி வேலை. மாப்பிள்ளை நன்றாக வெங்காயம் நறுக்குவார், நான் பார்த்திருக்கிறேன், அவரிடம் கொடு.

முதல் தடவை ஞாயிற்றுக்கிழமையே வைத்துப் பார். காலை ஏழு மணிக்குப் போட்டுவிட்டுப் பூசைக்குப் போய்விட்டு வந்தால், மூன்று மணிக்குச் சாப்பிடலாம். உனக்கு ஏழு என்றால் எங்களுக்கு இங்கே சாயங்காலம், நான் வீட்டில்தான் இருப்பேன். வதக்க ஆரம்பித்ததும் வீடியோவில் கூப்பிடு, போனை அடுப்புப் பக்கம் சாய்த்து வை, தக்காளி போடுகிற பதம் எது என்று பார்த்துச் சொல்கிறேன். நல்லி எலும்பு வாங்க மறந்துவிடாதே, சின்னவள் தட்டில் தட்டித் தட்டி உறிஞ்சுவாளே, அவளுக்கு இரண்டு தனியாக எடுத்து வை.

அப்பா